போன் ஆன் ஆகவில்லையா? கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம்

என் அத்தை பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மகனுக்குப் பெங்களூரில் வேலை. ஒரு நாள் அத்தையின் போன் கம்பெனி பெயரைக் காட்டிவிட்டு அணைவதும், மறுபடி அதையே காட்டி மறுபடி அணைவதுமாக இருந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். "சாஃப்ட்வேர் போடணும்மா" என்றார்கள். சரி என்றார். மாலையில் போன் நன்றாக வேலை செய்தது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. இறந்துபோன மாமா புளி மண்டியிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோக்கள் அதில்தான் இருந்தன. அவர் குரலை அத்தை தினமும் ஒரு தடவையாவது கேட்பார். சாஃப்ட்வேர் போட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சொந்தத்தில் யார் போன் அணைந்தாலும் முதலில் என்னிடம் காட்டச் சொல்லிவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை, போனைக் கழற்றுவதும் இல்லை. வெளியிலிருந்தே செய்யக்கூடிய சில வேலைகளை ஒரு வரிசையில் செய்வேன். நிறைய போன்கள் அதிலேயே எழுந்துவிடுகின்றன. ஸ்மார்ட்போன் இப்போதுதான் கைக்கு வந்தவர்களுக்கும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வெளியூரிலிருந்து வழி சொல்ல வேண்டியவர்களுக்கும் அந்த வரிசையை எழுதுகிறேன். எதைச் செய்தால் உள்ளே இருப்பது அழியாதோ அது முதலில் வரும். அழிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் கடைசி.

சார்ஜரை எடுக்கும் முன்

இரண்டு நிலைகளில் சார்ஜரைப் போனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

ஒன்று, பேட்டரி உப்பியிருப்பது. போனின் கவரைக் கழற்றிவிட்டு, திரை கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வையுங்கள். மல்லாக்க வைத்தால் கேமரா மேட்டினாலேயே ஆடும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கவிழ்த்தும் ஆடுகிறதா, பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறதா, திரையின் ஓரம் பிளந்திருக்கிறதா, நகப்பூச்சு போன்ற வாடை வருகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி உள்ளே கிழிந்தால் தீப்பிடிக்கும். தலையணை, துணி, காகிதம் இல்லாத இடத்தில், சிமென்ட் தரையிலோ மணல் போட்ட சட்டியிலோ வைத்துவிட்டு, நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அந்த போனுக்கு இந்தக் கட்டுரையின் மற்ற படிகள் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, தண்ணீர். ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து எட்டிப் படமெடுக்கும்போது நழுவிய போன், அருவிச் சாரலில் நனைந்த போன், கழனியில் மடை திருப்பும்போது சட்டைப் பையிலிருந்து விழுந்த போன் என்று நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. ஆன் ஆகிறதா என்று பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். போனுக்குள் சிப்புகள் பதிந்திருக்கும் தகடுதான் போர்டு. அது நனைந்திருக்க, அதில் மின்சாரம் ஓடும்போதுதான் ஷார்ட் ஆகிறது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கவரைக் கழற்றி, சிம் டிரேயை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு ஃபேன் காற்றில் ஒரு நாளாவது இருக்கட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பசையையும் திரையையும் கெடுக்கும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அரிசி போனுக்குள் இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை. அதன் தவிடும் துகளும் துளைக்குள் போய் அடைக்கும். ஆப்பிள் கம்பெனியே 2024இல் அரிசியில் போட வேண்டாம் என்று எழுதியது. போன் முழுதாக முங்கியிருந்தால் வீட்டில் காயவைப்பதைவிட அன்றைக்கே கடையில் திறந்து சுத்தம் செய்வது மேல். ஈரம் பட்ட உலோகம் ஒரே நாளில் பச்சை பூக்கத் தொடங்கிவிடும்.

இவை இரண்டும் இல்லை, ஆனால் போன் தொட முடியாத சூட்டில் இருக்கிறதா? மாங்காய் சீசனில் லோடு வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த போன்கள் இப்படி அணைந்துபோகும். சுமார் 45 டிகிரிக்கு மேல் பேட்டரி சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் போனே மறுத்துவிடும். நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அணைந்தது போனா, திரை மட்டுமா?

வேறொரு போனிலிருந்து அதே எண்ணுக்கு அழையுங்கள். மணி அடித்தாலோ, அதிர்ந்தாலோ போன் உயிரோடுதான் இருக்கிறது, திரைதான் போயிருக்கிறது. "சுவிட்ச் ஆஃப்" என்று வந்தால் அது உறுதியாகப் போன் அணைந்ததற்கு அடையாளம் இல்லை. டவர் கிடைக்காதபோதும் சில நேரம் அப்படிச் சொல்லும். அதனால் சார்ஜரைச் செருகும்போது ஒரு அதிர்வோ சத்தமோ வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பக்கத்தில் தள்ளும் ஊமை மோடு பட்டன் உள்ள ஐபோன்களில் அதைத் தள்ளினால் அதிர்வு வரும்.

அடுத்து, இருட்டறைக்குப் போய்த் திரையின்மேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். எல்சிடி திரை உள்ள போன்களில் பின்விளக்கு மட்டும் போயிருந்தால் படங்கள் மங்கலாகத் தெரியும். பின்விளக்கே இல்லாத ஓஎல்இடி திரையில் இது தெரியாது. வெளிச்சத்தைத் தெரியாமல் அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு, உச்சி வெயிலில் நின்றுகொண்டு "போன் செத்துப்போச்சு" என்று பதறியவர்களும் உண்டு. இருட்டறைக்குப் போனால் அதுவும் தெரிந்துவிடும்.

திரைதான் பிரச்சினை என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கடையில் "டிஸ்ப்ளே" அல்லது "காம்போ" மாற்றச் சொன்னால் போதும். டச்சும் திரையும் ஒன்றாக ஒட்டிய பாகத்துக்குத்தான் காம்போ என்று பெயர். சாஃப்ட்வேர் பேச்சே அங்கே வரக் கூடாது.

சார்ஜ்: பொறுமை வேண்டிய இடம்

ஆன் ஆகாத போன்களில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப்பக்கம் போய்வந்த போன்களில் இன்னும் அதிகம். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், காலையில் நிறைந்திருந்த பேட்டரி மாலைக்குள் தீர்ந்துவிடும். யாரும் கவனிக்காமல் அப்படியே இரண்டு நாள் கிடந்தால் அடிவரை இறங்கிவிடும்.

பேட்டரி நிறையும்போது அதன் அழுத்தம் 4.2 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும். 3.4 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது போன் தானே அணைந்துகொள்ளும். அதற்கும் கீழே போய் 3 வோல்ட்டைத் தாண்டி இறங்கிவிட்டால், சார்ஜ் போட்டதும் முழு வேகத்தில் ஏற்ற முடியாது, ஏற்றினால் பேட்டரி கெடும். அதனால் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் ஏறும். கோடையில் வறண்ட கிணற்றில் ஊற்று கசிந்து வாளி முங்கும் அளவுக்குத் தண்ணீர் சேர நேரம் பிடிக்குமே, அதேபோலத்தான். அந்த நேரம் முழுக்கத் திரையில் பேட்டரிப் படம்கூட வராது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு "சார்ஜ் ஏறல, போர்டு போச்சு" என்று எடுத்துவிடுகிறோம். குறைந்தது 30 நிமிஷம், முடிந்தால் ஒரு மணி நேரம், பட்டனைத் தொடாமல் சார்ஜில் விட்டுவிடுங்கள்.

ஆனால் மின்சாரம் உண்மையிலேயே போனுக்குப் போகிறது என்று உறுதி செய்துகொண்டு விடுங்கள். பிளக்கில் தொடங்குங்கள். அதே பிளக்கில் மிக்ஸியையோ டேபிள் ஃபேனையோ செருகிப் பாருங்கள், ஓடுகிறதா? லூசான சுவிட்ச் போர்டுதான் காரணம் என்பது எத்தனையோ வீடுகளில் தெரிந்திருக்கிறது. சாயந்திரம் வோல்டேஜ் குறைவதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். போன் சார்ஜரின்மேல் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். ட்யூப் லைட் மினுக்கும் அளவுக்கு வோல்டேஜ் இறங்கினாலும் சார்ஜர் பெரும்பாலும் ஓடும். அடுத்தது கேபிள். இதுதான் அதிகம் கெடுவது. சார்ஜர், கேபிள் இரண்டையும் வேலை செய்யும் இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள், பிறகு அந்தப் போனின் சார்ஜரை இதில் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்தால்தான் குற்றம் எதில் என்று தெரியும்.

பிறகு சார்ஜ் துளை. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வேட்டி, சட்டைப் பைகளின் பஞ்சு நாளாக நாளாக உள்ளே அமுங்கி, கெட்டித் திரியாகப் படிந்திருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் போனில் மாவு போன்ற கல்தூசி இருக்கும். கேழ்வரகு தூற்றும் களத்தில் வைத்த போனிலும் உமி போயிருக்கும். கேபிள் "டக்" என்று முழுசாக உட்காராமல் தொளதொளவென்று இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். போன் அணைந்திருக்கும் நிலையில், மரத்தில் செய்த பல்குத்தும் குச்சியால் ஓரங்களில் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊக்கு, ஊசி, சிம் எடுக்கும் கம்பி வேண்டவே வேண்டாம். டைப்-சி துளையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், அது ஒடிந்தால் பிறகு சார்ஜிங் பின்னையே, அதாவது அந்தத் துளைப் பாகத்தையே மாற்ற வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.

பட்டனைப் பிடித்து எழுப்புவது

ஒரு மணி நேரம் சார்ஜில் இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், போன் அணைந்திருக்காமல் உறைந்து நிற்கலாம், அதாவது ஹேங். பவர் பட்டனைச் சும்மா அழுத்தினால் அதற்கு உறைக்காது. கட்டாயமாக அணைத்து ஏற்ற வேண்டும். இதில் எதுவும் அழியாது, தைரியமாகச் செய்யலாம். கேபிளைச் செருகி வைத்தபடியே செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் எதுவானாலும் முதலில் பவர் பட்டனை மட்டும் 30 விநாடி விடாமல் பிடியுங்கள். மனசுக்குள் எண்ணினால் அவசரத்தில் பத்திலேயே விட்டுவிடுவோம், கடிகாரத்தைப் பாருங்கள். அதிர்வு வந்ததும் விட்டுவிடலாம். வரவில்லை என்றால் பவருடன் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 15 விநாடி பிடியுங்கள், சாம்சங் போன்களுக்கு இதுதான் வழி. அதிலும் ஆகவில்லை என்றால் பவருடன் வால்யூம் கூட்டும் பட்டன்.

ஐபோன் 8, அதற்குப் பிறகு வந்தவை எல்லாவற்றுக்கும்: வால்யூம் கூட்டும் பட்டனைத் தட்டி விடுங்கள், குறைக்கும் பட்டனைத் தட்டி விடுங்கள், பிறகு வலப்பக்கப் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை பிடியுங்கள். முதல் இரண்டும் வேகமாக நடக்க வேண்டும். ஐபோன் 7இல் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பக்கப் பட்டனையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

இப்படிப் பிடிக்கும்போது ஷியோமி, ரெட்மி போன்களில் "ஃபாஸ்ட்பூட்" என்ற எழுத்து வந்து நின்றுவிடும். சில நேரம் கவர் இறுக்கமாக இருந்து வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதால், நாம் எதுவும் செய்யாமலேயே அது வரும். பயப்பட ஒன்றுமில்லை. கவரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை மட்டும் 15 விநாடி பிடித்தால் வழக்கம்போல் எழும்.

கம்பெனி பெயரிலேயே நின்றால்

அத்தையின் போனுக்கு வந்தது இதுதான். திரை எரிகிறது, கம்பெனி பெயர் வருகிறது, அதற்குமேல் போகவில்லை. பெரும்பாலும் பேட்டரி, திரை, சார்ஜிங் எல்லாம் சரியாக இருக்கும், குழப்பம் மென்பொருளில். இந்த இடத்தில்தான் ஆட்கள் தங்கள் படங்களை இழக்கிறார்கள், அதனால் மெதுவாகப் போவோம்.

இரவில் அப்டேட் ஏதாவது போட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை எழுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம். அப்போது நடுவில் அணைத்தால்தான் கெடும்.

அப்படி இல்லை என்றால் ரிக்கவரி பட்டியலுக்குப் போகலாம். அணைந்த போனில் பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கறுப்புத் திரையில் ஆங்கிலப் பட்டியல் வரும். சமீபத்திய சாம்சங் போன்களில் கம்ப்யூட்டருடன் கேபிளில் இணைத்தால்தான் வரும். வால்யூம் பட்டன்களால் மேலும் கீழும் நகரலாம், பவர் பட்டனால் தேர்வு செய்யலாம். "ரீபூட் சிஸ்டம் நவ்" என்பதைத் தேர்வு செய்தால் போனை ஏற்றிப் பார்க்கும், எதையும் அழிக்காது. "வைப் கேஷ் பார்ட்டிஷன்" என்று இருந்தால் அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், படங்கள் போகாது. "வைப் டேட்டா", "ஃபேக்டரி ரீசெட்" இரண்டும் எல்லாவற்றையும் அழிக்கும். கேஷ், டேட்டா இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கும். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் அழுத்தாதீர்கள்.

ஐபோனைக் கம்ப்யூட்டரில் இணைத்துச் சரிசெய்யும்போது "அப்டேட்", "ரெஸ்டோர்" என்று இரண்டு கேட்கும். அப்டேட் உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் மறுபடி போடும். ரெஸ்டோர் அழித்துவிடும்.

வேறு வழியே இல்லாமல் அழிக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் அந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிக்கவரி வழியாக அழித்த போன் மறுபடி எழும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும், இல்லாமல் உள்ளே விடாது. திருட்டுக்கு எதிரான பாதுகாப்பு அது. நம் ஊரில் பலருக்குக் கடைக்காரரே ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்திருப்பார், பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. வேறொரு போனில் அந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் கூகுள் போட்டோஸில் படங்களும், கூகுள் கான்டாக்ட்ஸில் எண்களும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பின் பேக்கப், அதாவது வெளியே சேமித்த நகல், மட்டும் தனி, முன்னதாகவே அதை ஆன் செய்திருந்தால்தான் இருக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை

இத்தனைக்கும் எழவில்லையா, சரி, கிளம்பலாம். வாங்கி ஒரு வருஷத்துக்குள் என்றால் வெளிக் கடையில் திறக்காதீர்கள், வாரன்டி போய்விடும். கம்பெனியின் இணையதளத்தில் அருகில் எந்த ஊரில் சர்வீஸ் சென்டர் என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தருமபுரிக்காரர் ஓசூர்வரை போய், அங்கே அந்த பிராண்டு இல்லை என்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். பில்லையும் பெட்டியையும் கொண்டுபோங்கள், பெட்டியின்மேல் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இருக்கும். தண்ணீர் போன கேஸுக்கு வாரன்டி பொதுவாகக் கிடைக்காது, தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்த போனாக இருந்தாலும்.

கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேங்க் ஓடிபி வருவதெல்லாம் அந்த சிம்முக்குத்தானே. வீட்டில் இருக்கும் பட்டன் போனில் போட்டுக்கொண்டால் பெங்களூரிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டாலும் எடுக்கலாம். பழைய பட்டன் போனின் சிம் இடம் பெரியது, நானோ சிம்முக்கு அடாப்டர் வேண்டும். ஜியோ சிம் என்றால் 4ஜி உள்ள போனில்தான் ஓடும்.

கடைக்காரரிடம் "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போதிலிருந்து, விழுந்ததா, நனைந்ததா, எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டீர்கள், எந்த பட்டன்களைப் பிடித்துப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். நனைந்ததை மறைக்காதீர்கள், திறந்தால் தெரிந்துவிடும், நேரம்தான் வீணாகும். நல்ல டெக்னீஷியன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேசையில் இருக்கும் பவர் சப்ளையில் போர்டை இணைத்து அதன் மீட்டர் முள்ளைப் பார்ப்பார். பட்டனைத் தொடும் முன்பே முள் எகிறினால் போர்டில் ஷார்ட். பட்டனை அழுத்தியும் அசையவில்லை என்றால் பவர் பட்டனுக்கு அடியில் இருக்கும் ஆன்-ஆஃப் ஸ்ட்ரிப்போ, போர்டில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐசியோ சந்தேகம். வழக்கம்போல ஏறி இறங்கினால் போர்டு எழுகிறது, பேட்டரியையோ டிஸ்ப்ளேயையோ பார்க்க வேண்டும். இதைச் செய்து காட்டாமல் எடுத்த எடுப்பிலேயே "போர்டு போச்சு" என்றால் இன்னொரு கடையிலும் காட்டுங்கள்.

"இதைச் செய்தால் உள்ளே இருப்பது அழியுமா?" என்ற கேள்வியை மட்டும் எந்தக் கடையிலும் கேட்காமல் வராதீர்கள். பேட்டரி, பின், டிஸ்ப்ளே, ஸ்ட்ரிப் மாற்றினால் எதுவும் அழியாது. சாஃப்ட்வேர், ஃபிளாஷ், ரீசெட் என்ற வார்த்தை வந்தால் பெரும்பாலும் அழியும். "என்னைக் கேட்காமல் சாஃப்ட்வேர் போட வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இன்றைய போன்களில் உள்ளிருக்கும் தகவல் அந்தப் போன் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டெழுத்தாக (என்கிரிப்ஷன்) பதிந்திருக்கிறது. போர்டு எழாவிட்டால் மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றி வேறொன்றில் போட்டுப் படங்களை எடுத்துவிட முடியாது. படங்கள்தான் முக்கியம் என்றால் போர்டை ஒரு தடவையாவது எழுப்பச் சொல்லுங்கள். லாக் பேட்டர்னைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல், வேலை முடிந்ததும் நீங்களே போய்த் திறந்து காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். பேசியபடி செய்யாமல் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

எழுந்த போனை அப்படியே பைக்குள் போட்டுவிடாதீர்கள். நேற்று அணைந்தது நாளையும் அணையலாம். முதல் வேலையாக வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ் என்பதற்குள் போய் பேக்கப்பை ஆன் செய்யுங்கள். பிறகு கூகுள் போட்டோஸில் பேக்கப். கூகுள் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். இழக்க முடியாத குரல் ஏதாவது இருந்தால், அந்த ஆடியோவை மகனுக்கோ மகளுக்கோ இன்றைக்கே ஒரு தடவை ஃபார்வேர்டு செய்துவிடுங்கள்.